மாண்டல்பிராட்டின் கணிதத்தைக் கையால் அளந்து கற்பது எப்படி

பெனுவா மாண்டல்பிராட் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது, வண்ணங்கள் சுழன்று விரியும் அந்தப் புகழ்பெற்ற கணினிப் படம்தான். அவருடைய வாழ்க்கையையும் பணியையும் அறிய விரும்புகிறவர் அந்தப் படத்திலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. 1924 நவம்பர் 20 அன்று பிறந்த அவர், அந்தப் படத்தின் தெளிவான அச்சுப் பிரதிகளை முதன்முதலில் பார்த்தது 1980 மார்ச்சில், தமது 55ஆம் வயதில். அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளாக அவர் ஆராய்ந்துவந்தவை சொற்கள் பயின்றுவரும் அளவு, பஞ்சின் விலை, தொலைபேசிக் கம்பியின் இரைச்சல், ஆற்றின் வெள்ளம், கடற்கரையின் நீளம் ஆகியவை. ஒன்றோடொன்று ஒட்டாதவைபோலத் தோன்றும் இவை அனைத்திலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஒழுங்கற்றது என்று வடிவியல் ஒதுக்கிவைத்த கரடுமுரடை ஓர் எண்ணால் அளக்க முடியுமா? இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி, அவர் அளந்ததை நாமும் அளந்து பார்ப்பதே.

இதற்குத் தேவையானவை மிகச் சில. இரு முனையும் ஊசியாக உள்ள டிவைடர் ஒன்று, அளவுகோல், வரைபடத்தாள், மடக்கைப் (log) பொத்தான் உள்ள கணிப்பான், கடற்கரை தெளிவாக அச்சான பெரிய நிலப்படம் ஒன்று ஆகியவை போதும். கடைசிப் பகுதிக்கு மட்டும் கணினியில் ஒரு விரிதாள் இருந்தால் வேலை விரைவாக முடியும். பத்தாம் வகுப்புக் கணிதம் தெரிந்தவர் முதல் பகுதிகளைத் தடையின்றிச் செய்யலாம். மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என இரு பகுதிகள் கொண்ட கலப்பெண்கள் வரும் இடத்தில் மட்டும் சற்று நிதானம் வேண்டும்.

முதலில் அவர் வந்த வழி

அளக்கத் தொடங்குவதற்கு முன் அவருடைய இளமையைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் அவர் கணிதத்தை அணுகிய முறை அங்கிருந்தே வருகிறது. வார்சாவில் லித்துவேனிய யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவர், 1936இல் குடும்பத்தோடு பாரிசுக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய சிற்றப்பா சோலெம் மாண்டல்பிராய்ட் அங்கே பெயர்பெற்ற கணிதப் பேராசிரியர். போர் மூண்டதும் குடும்பம் தெற்கே தூல் என்ற ஊருக்குத் தப்பிச் சென்றது; நாஜிகளின் அச்சத்தில் ஒளிந்தும் இடம் மாறியும் வாழ்ந்ததால் அவருடைய பள்ளிப்படிப்பு துண்டுதுண்டாகவே நடந்தது. அந்தக் காலத்தில்தான், இயற்கணிதமாகத் தரப்பட்ட கணக்கை உடனே ஓர் உருவமாக மனத்தில் கண்டு விடை காணும் தம் திறனை அவர் அறிந்துகொண்டார்.

போருக்குப் பிறகு எக்கோல் நொர்மால் என்ற உயர்கல்விக் கூடத்தில் இடம் கிடைத்தும் சில நாள்களிலேயே அதை விட்டு விலகி, எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். படங்களைத் தவிர்த்து முழுவதும் அருவமாகக் கணிதத்தை எழுத முனைந்த புர்பாக்கி குழுவினரின் செல்வாக்கு எக்கோல் நொர்மாலில் ஓங்கியிருந்ததே காரணம். பின்னர் அமெரிக்காவில் கால்டெக்கில் வானூர்தியியல் பயின்று, 1952இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1958இல் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் சேர்ந்து அங்கேயே முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். பல்கலைக்கழகத் துறை ஒன்றில் இருந்திருந்தால் பஞ்சு விலையிலிருந்து கடற்கரைக்குத் தாவ அவரை விட்டிருப்பார்களா என்பது ஐயமே.

கோக் வளைகோட்டில் கையைப் பழக்குதல்

நேராக நிலப்படத்துக்குப் போக வேண்டாம். விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு வடிவத்தில் அளவு முறையைச் சரிபார்த்துக்கொண்டால்தான், பிறகு விடை தெரியாத இடத்தில் கிடைக்கும் எண்ணை நம்ப முடியும். அதற்கு மிகப் பொருத்தமானது, சுவீடன் நாட்டுக் கணிதவியலாளர் ஹெல்கே வான் கோக் 1904இல் விவரித்த வளைகோடு.

அகலவாக்கில் வைத்த தாளில் 27 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு வரையுங்கள். அதை மூன்றாகப் பிரித்து, நடுவிலுள்ள 9 செ.மீ. துண்டை அழித்துவிட்டு, அந்த இடத்தில் மேல்நோக்கிய சமபக்க முக்கோணத்தின் இரு பக்கங்களை மட்டும் வரையுங்கள். இப்போது 9 செ.மீ. நீளமுள்ள நான்கு துண்டுகள் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் இதையே செய்தால் 3 செ.மீ. நீளத்தில் 16 துண்டுகளும், மீண்டும் ஒருமுறை செய்தால் 1 செ.மீ. நீளத்தில் 64 துண்டுகளும் கிடைக்கும். முக்கோணங்கள் எப்போதும் கோட்டின் ஒரே பக்கத்தில் வெளிநோக்கி இருக்க வேண்டும். இதில் கவனம் தவறினால் உருவம் கெட்டுவிடும்.

இனி டிவைடரை 9 செ.மீ. அகலத்துக்குத் திறந்து, இடது முனையில் ஊன்றி, கோட்டின் மீது நடத்துங்கள். டிவைடர் ஒருமுறை எடுத்துவைக்கும் எட்டை ஓர் அடி என்போம்; நான்கு அடியில் மறுமுனை வந்துவிடும்; ஆகவே நீளம் 36 செ.மீ. அதையே 3 செ.மீ. ஆகக் குறைத்தால் 16 அடி, நீளம் 48 செ.மீ. 1 செ.மீ. ஆகக் குறைத்தால் 64 அடி, நீளம் 64 செ.மீ. வரைதலை இன்னும் தொடர்ந்திருந்தால் நீளமும் இப்படியே வளர்ந்துகொண்டே போயிருக்கும். இந்தக் கோட்டுக்கு நீளம் என்ன என்ற கேள்விக்கு, எந்த அளவு அடியால் என்று சேர்த்துக் கேட்காமல் விடையே இல்லை.

ஆனால் இந்த மூன்று அளவுகளிலும் மாறாத ஒன்று இருக்கிறது. அடியின் அகலம் மூன்றில் ஒன்றாகக் குறையும் ஒவ்வொரு முறையும் அடிகளின் எண்ணிக்கை சரியாக நான்கு மடங்காகிறது. நேர்கோடாக இருந்தால் அது மூன்று மடங்காகியிருக்கும். ஒரு சதுரப் பரப்பைச் சிறு சதுரங்களால் நிரப்புவதாக இருந்தால் ஒன்பது மடங்காகியிருக்கும். மூன்று என்பது 3இன் முதல் அடுக்கு, ஒன்பது இரண்டாம் அடுக்கு. நான்கு என்பது 3இன் எத்தனையாவது அடுக்கு என்று கேட்டால் கிடைப்பதே இந்தக் கோட்டின் பரிமாணம். 4இன் மடக்கையான 0.6021ஐ 3இன் மடக்கையான 0.4771ஆல் வகுத்தால் 1.262 வரும். கோட்டைவிட அதிகம், பரப்பைவிடக் குறைவு. முழு எண்ணாக இல்லாத பரிமாணத்துக்குக் கணித அடிப்படையை 1918இலேயே ஃபெலிக்ஸ் ஹவுஸ்டார்ஃப் அமைத்துவிட்டார். ஆயினும் அந்தக் காலக் கணிதவியலாளர்களுக்கு இத்தகைய வடிவங்கள் விதிவிலக்கான விகாரங்களாகவே தோன்றின. அவை விதிவிலக்கல்ல, இயற்கையில் நாம் காண்பவற்றுள் பெரும்பாலானவை இந்த வகையே என்று சொன்னதில்தான் மாண்டல்பிராட்டின் துணிவு இருக்கிறது.

கடற்கரையை அளத்தல்

1967இல் சயன்ஸ் இதழில், பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்று கேட்கும் தலைப்போடு அவருடைய கட்டுரை ஒன்று வெளியானது. அதற்கான அளவுகளை எடுத்தவர் அவர் அல்லர். 1953இல் மறைந்த ஆங்கிலேய அறிவியலாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். நாடுகளுக்கிடையே போர் மூள்வதற்கும் எல்லையின் நீளத்துக்கும் தொடர்பு உண்டா என்று தேடிய ரிச்சர்ட்சன், ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் இடையிலுள்ள ஒரே எல்லைக்கு ஓரிடத்தில் 987 கி.மீ. என்றும் மற்றோரிடத்தில் 1,214 கி.மீ. என்றும் குறிப்பிட்டிருப்பதைக் கண்டார். யாரும் தவறாக அளக்கவில்லை. அளந்த அடி வேறு, அவ்வளவுதான். அடி குறையக் குறைய நீளம் சீரான ஒரு விதிப்படி வளர்வதையும் அவர் பதிவுசெய்திருந்தார். அந்த விதியிலுள்ள அடுக்கைப் பரிமாணமாக வாசித்தது மாண்டல்பிராட்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. நிலப்படத்தில் கடற்கரையின் ஒரு பகுதியைத் தேர்ந்து, தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் குறித்துக்கொள்ளுங்கள். டிவைடரை 8 செ.மீ., 4 செ.மீ., 2 செ.மீ., 1 செ.மீ., அரை செ.மீ. என்று ஒவ்வொரு முறையும் பாதியாக்கி, ஒவ்வோர் அகலத்துக்கும் எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுங்கள். கடைசி அடி முழுமையாக அமையாதபோது அதை முக்கால், அரை என்று பின்னமாகவே எழுதிக்கொள்ளலாம்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலையில் கை தயங்கும் இடங்கள் சில உண்டு. ஊன்றிய முனையிலிருந்து மறுமுனையைச் சுழற்றும்போது அது கடற்கரையை ஒரே இடத்தில் தொடும் என்று சொல்ல முடியாது. குடா ஒன்று உள்வாங்கியிருந்தால் மூன்று இடங்களில்கூட வெட்டும். கரையோடு விரலை வைத்து நகர்த்திச் சென்றால் முதலில் எது வருமோ அதையே எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டு, கடைசிவரை அதை மாற்றக் கூடாது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கரை எங்கே முடிந்து ஆறு எங்கே தொடங்குகிறது என்பதையும், அருகிலுள்ள தீவுகளைச் சேர்ப்பதா விடுவதா என்பதையும் தொடங்கும் முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். இடையில் மனம் மாறினால் எண்கள் உங்கள் மனமாற்றத்தை அளக்குமே தவிரக் கரையை அளக்காது. தொடக்கப் புள்ளியைச் சற்று நகர்த்தி மீண்டும் எண்ணிச் சராசரி எடுத்தால் இன்னும் நல்லது.

எண்ணி முடித்ததும், அடியின் அகலத்தின் மடக்கையைக் கிடை அச்சிலும், அடிகளின் எண்ணிக்கையின் மடக்கையைச் செங்குத்து அச்சிலும் குறியுங்கள். புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் விழும். அந்தக் கோடு இடமிருந்து வலமாக இறங்கும் சாய்வின் அளவே பரிமாணம். பெரிய பிரிட்டன் தீவுக்குப் பரவலாகச் சொல்லப்படும் தோராய அளவுகளை வைத்துச் செய்து பார்க்கலாம்: 100 கி.மீ. அடியால் அளந்தால் 2,800 கி.மீ., அதாவது 28 அடி, 50 கி.மீ. அடியால் அளந்தால் 3,400 கி.மீ., அதாவது 68 அடி. 68ஐ 28ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் 0.385, அதை 2இன் மடக்கையான 0.301ஆல் வகுத்தால் 1.28. இரண்டே புள்ளிகளால் கிடைத்த இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. குறைந்தது ஐந்து புள்ளிகள் வேண்டும். மாண்டல்பிராட் தம் கட்டுரையில் பிரிட்டனின் மேற்குக் கரைக்கு 1.25 என்றும், மிக வழுவழுப்பான தென்னாப்பிரிக்கக் கரைக்கு 1.02 என்றும் எழுதினார். அடியைப் பாதியாக்கும்போதெல்லாம் முதலாவது கரையின் நீளம் ஏறத்தாழ 19 விழுக்காடு கூடும். இரண்டாவதன் நீளம் ஒன்றரை விழுக்காடுகூடக் கூடாது. கரடுமுரடு என்று நாம் பொதுவாகச் சொல்வது இந்த இரண்டு எண்களுக்கு இடையிலான வேறுபாடுதான்.

மிகச் சிறிய அடிகளில் உங்கள் புள்ளிகள் கோட்டை விட்டு விலகி, சாய்வு 1ஐ நோக்கித் தணிவதைக் காணலாம். அது கரையின் இயல்பன்று. நிலப்படம் வரைந்தவர் அந்த அளவுக்குக் கீழே உள்ள நெளிவுகளை விட்டுவிட்டு வழுவழுவென்று கோடு இழுத்திருக்கிறார் என்பதே பொருள். அந்தப் புள்ளிகளை ஒதுக்கிவிட்டுச் சாய்வைக் கணக்கிடுங்கள். இப்படி எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் கரடுமுரடு தீராத வடிவத்தை ஃபிராக்டல் என்பர்; இயற்கையில் எந்தப் பொருளும் எல்லா அளவுகளிலும் ஃபிராக்டலாக இருப்பதில்லை. எந்த அளவிலிருந்து எந்த அளவுவரை இந்த எண் செல்லும் என்று சொல்லாமல் பரிமாணத்தை மட்டும் அறிவிப்பவரின் கணக்கு அரைக்கணக்குதான்.

மேகத்தின் நிழற்படம், இலை நரம்பு போன்ற, ஒரே கோடாக நடந்து கடக்க முடியாத உருவங்களுக்கு டிவைடர் உதவாது. அவற்றின் மீது கட்டத்தாளை வைத்து, உருவம் தொடும் கட்டங்களை எண்ணி, கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கி மறுபடி எண்ண வேண்டும். மற்றக் கணக்கெல்லாம் அதேதான்.

விலைகளின் கரடுமுரடு

கரையை அளந்தவர் இதையும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும், ஏனெனில் கரைக்கு முன்பே மாண்டல்பிராட் நின்ற இடம் இது. 1963இல் பஞ்சு விலையைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரை, விலை மாற்றங்கள், பெரும்பாலான எண்கள் சராசரியை ஒட்டியே குவியும் மணிவடிவப் பரவலைப் பின்பற்றுகின்றன என்ற பொதுவான நம்பிக்கையை மறுத்தது. ஏதேனும் ஒரு பொருளின் அல்லது பங்கின் நாள்விலைகளை நீண்ட காலத்துக்குத் திரட்டுங்கள். ஒவ்வொரு நாளின் விலையையும் முந்தைய நாளின் விலையால் வகுத்து மடக்கை எடுத்து, அந்த எண்களின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கண்டுபிடியுங்கள். பிறகு, சராசரியிலிருந்து நான்கு திட்ட விலக்கத்துக்கு அப்பால் விழுந்த நாள்கள் எத்தனை என்று எண்ணுங்கள். மணிவடிவப் பரவல் உண்மையானால் அப்படி ஒரு நாள் ஏறத்தாழ 16,000 நாளுக்கு ஒன்றுதான் வர வேண்டும். ஆண்டுக்கு 250 வணிக நாள் என்று கொண்டால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். எந்தச் சந்தையின் பட்டியலை எடுத்தாலும் அவ்வளவு காலம் காத்திருக்க நேராது.

கணத்தைக் கணக்கிடுதல்

இப்போதுதான் அந்தப் புகழ்பெற்ற படத்துக்கு, அதாவது மாண்டல்பிராட் கணம் என்ற எண்களின் தொகுப்பைக் காட்டும் படத்துக்கு வருகிறோம். மாண்டல்பிராட் இளைஞராக இருந்தபோது, ஒரே கணக்கை அதன் விடைமீதே திரும்பத் திரும்பச் செய்வதைப் பற்றிப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கஸ்தோன் ஜூலியா 1918இல் வெளியிட்ட நீண்ட ஆய்வுரையைப் படிக்கும்படி சிற்றப்பா அவருக்குச் சொன்னார். அப்போது அதில் அவருக்கு ஈடுபாடு உண்டாகவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, ஐபிஎம் கணினிகள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தபோதுதான் அதற்குத் திரும்பினார். ராபர்ட் புரூக்ஸ், பீட்டர் மடெல்ஸ்கி என்ற கணிதவியலாளர்கள் இருவரும் 1978இலேயே இந்தக் கணத்தின் சிறிய, கரடான படம் ஒன்றை வரைந்திருந்தனர் என்பதையும் குறிப்பிட்டுவிடுவது நியாயம்.

விதி ஒரே வரியில் அடங்கும். c என்ற எண்ணைத் தேர்ந்துகொண்டு, பூச்சியத்தில் தொடங்கி, கையிலுள்ள எண்ணை வர்க்கமாக்கி cயைக் கூட்டுங்கள். வந்த விடையை மீண்டும் வர்க்கமாக்கி cயைக் கூட்டுங்கள். விடைகள் எல்லை மீறி ஓடாமல் இருந்தால் c கணத்தில் உண்டு, ஓடிவிட்டால் இல்லை. c 1 என்றால் 0, 1, 2, 5, 26 என்று ஓடிவிடுகிறது. c −1 என்றால் 0, −1, 0, −1 என்று என்றென்றும் ஊசலாடுகிறது. ஆகவே −1 கணத்தில் உண்டு.

c கலப்பெண்ணாக இருக்கும்போது மெய்ப்பகுதி x, கற்பனைப் பகுதி y என்று இரண்டு நிரல்கள் வைத்துக்கொள்ளுங்கள். புதிய x என்பது x வர்க்கத்திலிருந்து y வர்க்கத்தைக் கழித்து cயின் மெய்ப்பகுதியைக் கூட்டியது. புதிய y என்பது xஐயும் yஐயும் பெருக்கி இரட்டிப்பாக்கி cயின் கற்பனைப் பகுதியைக் கூட்டியது. x வர்க்கமும் y வர்க்கமும் சேர்ந்து 4ஐத் தாண்டிவிட்டால், அதாவது பூச்சியத்திலிருந்து தொலைவு 2ஐக் கடந்துவிட்டால், அந்த எண் திரும்பி வராது என்று நிறுவலாம். அங்கே கணக்கை நிறுத்திவிடலாம்.

c இரு பகுதிகளும் 0.5 ஆக உள்ள எண் என்று கொள்வோம். முதல் சுற்றில் (0.5, 0.5), இரண்டாம் சுற்றில் (0.5, 1), மூன்றாம் சுற்றில் (−0.25, 1.5), நான்காம் சுற்றில் (−1.6875, −0.25), ஐந்தாம் சுற்றில் x 3.28ஐத் தாண்டிவிடுவதால் இந்த c கணத்தில் இல்லை. இங்கே கணினி நிரல் எழுதுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது: புதிய yயைக் கணக்கிடும்போது பழைய xஐத்தான் பயன்படுத்த வேண்டும். மூன்றாம் சுற்றில் புதிய x ஆன −0.25ஐத் தவறுதலாக எடுத்துவிட்டால் y 1.5 ஆக வராமல் 0 ஆக வந்துவிடும். ஓட வேண்டிய எண் பூச்சியத்தின் அருகில் அடங்கி நிற்பதுபோலத் தோன்றும். உங்கள் படம் நீங்கள் பார்த்த படத்தைப் போல இல்லை என்றால் முதலில் இதைச் சோதியுங்கள்.

முழுப் படத்துக்கு xஐ −2 முதல் 0.5 வரையிலும் yஐ 0 முதல் 1.2 வரையிலும் 0.1 இடைவெளியில் எடுத்தால் 338 புள்ளிகள் போதும். கீழ்ப்பாதி மேல்பாதியின் பிரதிபலிப்பு. −1ஐ மையமாகவும் 0.25ஐ ஆரமாகவும் கொண்ட வட்டத்துக்குள் வரும் புள்ளிகளைக் கணக்கிடாமலே கணத்தில் சேர்த்துவிடலாம். எத்தனை சுற்று பார்ப்பது என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்: 0.25 கணத்தில் உண்டு, 0.26 இல்லை, ஆனால் 0.26 ஓடுவதற்குச் சுமார் 30 சுற்று பிடிக்கிறது. 0.2501க்கு ஏறத்தாழ 312 சுற்றும், 0.250001க்கு ஏறத்தாழ 3,140 சுற்றும் ஆகும். பை எண்ணின் இலக்கங்கள் இங்கே எட்டிப் பார்ப்பது தற்செயல் அன்று. விரிதாளில் இதைச் செய்து பார்ப்பவருக்கு ஒரு மாலைப்பொழுது இனிதாகக் கழியும். சுவரொட்டிகளில் காணும் வண்ணங்களோ, கணத்துக்கு வெளியே உள்ள புள்ளிகள் எத்தனை சுற்றில் ஓடின என்பதைக் காட்டுபவை மட்டுமே; எந்த எண்ணிக்கைக்கு எந்த நிறம் என்பது வரைபவரின் விருப்பம்.

338 புள்ளிகளையும் முடித்த பிறகு, y மதிப்புகள் அனைத்தையும் 0.05 கூட்டி இன்னொருமுறை செய்யுங்கள். முதல் படத்தில் y பூச்சியமாக உள்ள வரிசையில் −2 வரை நீண்டிருந்த ஊசி, இரண்டாவதில் காணாமல் போய்விடும். ஊசி அழியவில்லை, கட்டத்தின் புள்ளிகள் அதன் மீது விழவில்லை. மாண்டல்பிராட்டும் இதே பொறியில் சிக்கினார். தம் அச்சுகளில் முதன்மை உருவத்துக்கு அப்பால் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்தவற்றைத் தீவுகள் என்று கருதி, கணம் துண்டுபட்டது என்று முதலில் ஊகித்தார். பிரெஞ்சுக் கணிதவியலாளர் அட்ரியன் துவாதியும் அமெரிக்கரான ஜான் ஹப்பர்டும் அந்தத் தீவுகள் கண்ணுக்குத் தெரியாத இழைகளால் இணைக்கப்பட்டவை, கணம் முழுவதும் ஒரே துண்டு என்று நிறுவினர். கணத்துக்கு அவருடைய பெயரைச் சூட்டியவர்களும் அவர்களே. மாண்டல்பிராட் படம் வரைந்தாரே தவிர நிறுவல்கள் அதிகம் தரவில்லை என்ற குறை அவர்மீது நெடுங்காலம் சொல்லப்பட்டது. குறையில் உண்மை உண்டு. ஆனால் நிறுவ வேண்டிய கேள்விகளை மற்றவர்களுக்குக் கொடுத்தது அந்தப் படங்களே. 1999இல் யேல் பல்கலைக்கழகம் அவரைத் தன் மிக உயர்ந்த பேராசிரியப் பதவியான ஸ்டெர்லிங் பேராசிரியராக அமர்த்தியபோது அவருக்கு வயது 75ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 2010 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் மறைந்தார்.

உங்கள் படத்தில் கணத்தின் விளிம்பை மட்டும் பென்சிலால் வரைந்து, கட்டங்களை எண்ணும் முறையில் அதன் பரிமாணத்தையும் கண்டுபிடித்துப் பாருங்கள். ஜப்பானிய கணிதவியலாளர் மிட்சுஹிரோ ஷிஷிகுரா, இந்த விளிம்பின் பரிமாணம் சரியாக 2 என்று நிறுவியிருக்கிறார். ஒரு கோட்டுக்கு இருக்கக்கூடிய உச்ச அளவு அது. உங்கள் தாளில் கிடைக்கும் சாய்வு அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருக்கும். இடைவெளியை 0.01 ஆக்கி, சுற்றுகளையும் பல மடங்காக்கி மீண்டும் எண்ணினால் அது சற்று உயரும். ஆனால் 2ஐத் தொடாது.